வனாந்தரத்தில் ஒரு காதல்
'சப்ரிஸ்கி பாயிண்ட்' திரைப்படம் குறித்து ஓர் இறையியல் நோக்கு

திரைப்படத்தைக் குறித்துத் திருச்சபை பேசியவற்றில் பெரும்பகுதி எச்சரிக்கையே. எவற்றைப் பார்க்கலாகாது என்பதை நாம் விரிவாகக் கற்பித்திருக்கிறோம். பார்த்தவற்றை எவ்வாறு ஆராய்வது என்பதைக் கற்பித்தது குறைவு. ஒரு காலத்தின் கலைப்படைப்புகளில் அக்காலத்தின் ஆழ்ந்த சமய வினாக்கள் வெளிப்படுகின்றன என்று பால் திலிக் கற்பித்ததை இறையியல் கல்லூரிகளில் படிக்கிறோம். ஆயினும் அருட்பொழிவு பெற்றபின் அப்பாடத்தை நம்மில் பலர் பயன்படுத்துவதில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்குடன், ஒரு பழைய திரைப்படத்தை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இத்தாலிய இயக்குநர் மைக்கலாஞ்சலோ அந்தோனியோனி அமெரிக்க மண்ணில் எடுத்து, 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சப்ரிஸ்கி பாயிண்ட்' என்பதே அப்படம். இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் பாலைநிலத்தில் ஒரு பகற்பொழுது காதலித்துப் பிரிவதே இதன் பொருள். எம்.ஜி.எம். நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டுத் தயாரித்த இப்படம், வெளியானபோது இரசிகர்களாலும் திறனாய்வாளர்களாலும் புறக்கணிக்கப்பட்டது. பின்னாளில் அதன் மதிப்பு உயர்ந்தது. படத்தின் கலைநயத்தை அளவிடுவது நமது முதன்மை நோக்கமன்று. வனாந்தரத்தில் பிறந்த அன்பு எங்கே போய்ச் சேருகிறது என்னும் வினாவையே இப்படத்தினிடம் நாம் கேட்க விரும்புகிறோம்.

1. கதைச் சுருக்கம்

படம் மாணவர் கூட்டம் ஒன்றில் தொடங்குகிறது. கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் வேலைநிறுத்தத்தைக் குறித்து வாதிடுகின்றனர். 'கருஞ்சிறுத்தை' இயக்கத்தைச் சேர்ந்த கேத்லீன் கிளீவர் அக்கூட்டத்தில் தாமாகவே தோன்றுகிறார். இலட்சியத்திற்காக உயிரைக் கொடுக்கலாம், சலிப்பினால் சாக விருப்பமில்லை என்ற பொருள்படக் கூறிவிட்டு மார்க் என்னும் இளைஞன் வெளியேறுகிறான். பின்னர் நிகழும் கலவரத்தில் கறுப்பின மாணவன் ஒருவனும் காவலர் ஒருவரும் சுடப்படுகின்றனர். தன்னிடம் துப்பாக்கி இருந்தும், தனக்கு முன் வேறொருவன் சுட்டுவிட்டான் என்று மார்க் பிற்பாடு சொல்கிறான். ஆனால் ஐயம் அவன்மேல் விழுகிறது. சிறிய விமானம் ஒன்றைத் திருடிக்கொண்டு அவன் பாலைநிலத்தை நோக்கிப் பறக்கிறான்.

அதே வேளையில், நிலவணிக நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் டாரியா என்னும் பெண், தன் முதலாளியைச் சந்திக்கப் பழைய கார் ஒன்றில் ஃபீனிக்ஸ் நகரை நோக்கிச் செல்கிறாள். விமானம் அவள் காரின்மேல் தாழப் பறந்து விளையாடுகிறது. இருவரும் சந்திக்கின்றனர். கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் உள்ள சப்ரிஸ்கி முனையில் அவர்கள் காதல் மலர்கிறது. பின்னர் மார்க் விமானத்தைத் திருப்பி ஒப்படைக்கப் புறப்படுகிறான். தரையிறங்கியவுடனே காவலரால் சுட்டுக் கொல்லப்படுகிறான். காரின் வானொலியில் அச்செய்தியைக் கேட்கும் டாரியா, முதலாளியின் மாளிகைவரை சென்று, அங்கே தங்காமல் வெளியேறுகிறாள். அம்மாளிகை வெடித்துச் சிதறுவதாக அவள் மனக்கண் முன் தோன்றும் காட்சியோடு படம் முடிகிறது.

2. ஆபாசம் எது?

இப்படத்தை எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டியது பாலைநிலக் காதற்காட்சியையே. அக்காட்சி போதகர்களுக்குச் சங்கடம் விளைவிக்கக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் படத்தின் முற்பகுதியில் வரும் வேறொரு காட்சியை இதனுடன் ஒப்பிட வேண்டும். டாரியாவின் முதலாளி பாலைநிலத்தை வீட்டுமனைகளாக்கி விற்பவன். அவனது நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் நெகிழிப் பொம்மைகளே குடும்பமாக நடிக்கின்றன. பொம்மைத் தந்தை, பொம்மைத் தாய், பொம்மைக் குழந்தை ஆகியோர் பாலைநில வீட்டில் இன்பமாக வாழ்கின்றனர். அவர்களுக்குச் சிரிப்பு உண்டு, உயிர் இல்லை.

மனிதனைப் பொருளாக்கிக் காட்டுவதையே ஆபாசம் என்று கொண்டால், படத்தின் ஆபாசம் இவ்விளம்பரத்தில்தான் இருக்கிறது. மனிதர் வாழ்வதற்கரிய நிலத்தையும் கூறுபோட்டு விற்கும் உலகமே இளைஞர் இருவரையும் நகரத்தினின்று துரத்தியது என்று இயக்குநர் குறிப்பாக உணர்த்துகிறார். பொம்மைகள் உறையும் வீட்டினும் மனிதர் உழலும் புழுதி மேலானது என்பது அவர் தீர்ப்பு. ஆதிமனிதன் மண்ணின் புழுதியினால் உருவாக்கப்பட்டான் என்று அறிக்கையிடும் நாம் இத்தீர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. புழுதி படிந்த அவ்வுடல்களைக் கண்டு முகம் சுளித்து, மெருகேற்றிய பொம்மைகளைக் கண்டு வாளாவிருந்தால், நமது ஒழுக்கவியல் பாதிப் பார்வையுடையதே ஆகும்.

ஆயினும் படத்தைப் போற்றுவோர் கூறுவதுபோல் அக்காதலை 'விடுதலை' என்று உடனே பெயரிடவும் நாம் ஆயத்தமாயில்லை. அதற்குரிய காரணத்தை இனி ஆராய்வோம்.

3. விழாவாகிய வனாந்தரம்

காதற்காட்சியில் ஒரு புதுமை உண்டு. மார்க்கும் டாரியாவும் மட்டுமே இருந்த சரிவுகளில் திடீரென வேறு பல இளைஞர் தோன்றுகின்றனர். ஜோசப் சைகின் நடத்திய 'ஓப்பன் தியேட்டர்' நாடகக் குழுவினர் இப்பகுதியில் நடித்தனர். ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் இசை பின்னணியில் ஒலிக்க, புழுதி மூடிய உடல்கள் குன்றெங்கும் உருண்டு விளையாடுகின்றன. பின்னர் ஒருவரையும் காணோம். இருவரின் தனியன்பு ஒரு சமூகத்தின் திருவிழாவாக விரிந்து மறைகிறது. மாணவர் கூட்டத்தில் மார்க்குக்குக் கிட்டாத சமூகம் இங்கே கனவில் கிட்டுகிறது எனலாம்.

படம் வெளியாவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1969-இல், ஹார்வி காக்ஸ் 'மூடர்களின் விழா' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். உழைப்பையும் கணக்கையும் மட்டுமே அறிந்த மேலைநாட்டு மனிதன் கொண்டாடும் ஆற்றலையும் கற்பனை செய்யும் ஆற்றலையும் இழந்துவிட்டான் என்பது அவர் வாதம். அவ்விழப்பின் பசியை அந்தோனியோனியின் பாலைநிலக் கனவில் காண்கிறோம்.

அக்கனவு திரையோடு நின்றுவிடவில்லை. படத்திற்கும் அதற்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. எனினும் அதே பசி பிற்காலத்தில் உண்மையான விழா ஒன்றாக உருப்பெற்றது. 1986-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் ஆகிய இருவர் மரத்தாலான மனித உருவம் ஒன்றை எரித்தனர். 1990-இல் அந்நிகழ்ச்சி நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைநிலத்திற்குச் சென்றது. 'பர்னிங் மேன்' எனப்படும் அக்கலைவிழாவுக்காக ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் ஒரு தற்காலிக நகரம் எழும்பி மறைகிறது. அண்மைக் காலத்தில் அங்குக் கூடுவோர் தொகை எழுபதாயிரம் அளவுக்கு வளர்ந்துள்ளது. 2004-இல் ஹார்வி வகுத்த பத்துக் கோட்பாடுகளில், எவரையும் ஏற்றுக்கொள்ளல், கைம்மாறு கருதாமல் கொடுத்தல், வணிகத்தை விலக்கல், நிலத்தில் சுவடின்றி நீங்குதல் ஆகியவை அடங்கும்.

இவற்றில் கிருபையின் சாயல் இருப்பதை நாம் மறைக்கலாகாது. மேலும் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு டேவிட் பெஸ்ட் என்னும் சிற்பி, மரித்துப்போன நண்பர் ஒருவருக்காகத் துக்கித்த நாளில், அவ்விழாக் களத்தில் மரத்தினால் ஒரு கோயிலை அமைத்தார். மக்கள் தாங்கள் இழந்தோரின் பெயர்களை அதன் சுவர்களில் எழுதினர். அதுமுதல் கோயில் எழுப்புவது அங்கு வழக்கமாயிற்று. விழாவின் இறுதியில், ஆரவாரமின்றி, மௌனத்தில் அது எரியூட்டப்படுகிறது. புலம்பலின் சங்கீதங்களை உடைய நாம் அவற்றை ஆராதனையில் அரிதாகவே பயன்படுத்துகிறோம். சங்கீதங்களை அறியாதோரோ அழுவதற்காகப் பாலைநிலத்தில் கோயில் கட்டுகின்றனர்.

எனினும் அந்நகரத்திற்குள் நுழையப் பல நூறு டாலர் கட்டணம் வேண்டும். எவரையும் ஏற்றுக்கொள்ளும் நகரத்தில் ஏழை நுழைவது எளிதன்று. 2023-இல் பெருமழை பெய்து நிலம் சேறானபோது பல்லாயிரவர் சில நாட்கள் வெளியேற முடியாமல் தங்கினர். இயல்பாக அந்நகரம் சில நாட்களில் கலைந்துவிட வேண்டியது. தங்கி வாழ்வதற்கு அது அமைக்கப்படவில்லை. அந்தோனியோனியின் காதலர் கூட்டமும் இத்தகையதே. அது தோன்றும், மறையும். ஆனால் தங்கி நின்று எவரையும் தாங்காது.

4. பாலை என்பது வழி

திருமறையில் வனாந்தரமும் பண்டிகையும் அயலானவை அல்ல. தம் மக்கள் வனாந்தரத்தில் தமக்குப் பண்டிகை கொண்டாடும்படி அவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பதே பார்வோனிடம் கர்த்தர் விடுத்த முதற் கோரிக்கை (யாத். 5:1). அடிமைகளுக்கு ஓய்வு மட்டுமன்றி விழாவும் உரியது என்பது இதன் பொருள். ஆனால் அதே வனாந்தரத்தில் பொன் கன்றுக்குட்டிக்கு முன்பாகவும் ஒரு பண்டிகை கூறப்பட்டது, அதையும் ஆரோன் கர்த்தரின் பெயராலேயே அறிவித்தான் (யாத். 32:5). இரண்டு விழாக்களுக்கும் உள்ள வேறுபாடு மகிழ்ச்சியில் இல்லை. மிரியாமும் தம்புரு எடுத்து நடனமாடினாள். தங்களை விடுவித்தவர் யார் என்பதை நினைவுகூர்ந்து, அவரோடு செய்யும் உடன்படிக்கைக்கு வழிநடத்தும் விழா ஒன்று. அந்நினைவை இழந்து, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுழலும் விழா மற்றொன்று.

அன்பைக் குறித்தும் திருமறை வனாந்தர மொழியில் பேசுகிறது. இஸ்ரவேல் தம்மைப் பின்பற்றி வந்த இளமைக்கால நேசத்தைக் கர்த்தர் நினைவுகூருகிறார் (எரே. 2:2). வழிதவறிய மனைவியை மீண்டும் வனாந்தரத்திற்கு அழைத்துச் சென்று அவளோடு அன்பாய்ப் பேசுவேன் என்கிறார் (ஓசியா 2:14). ஆனால் ஓசியாவின் வாக்கு அங்கே முடிவதில்லை. அடுத்த வசனத்திலே திராட்சத்தோட்டங்களும் நம்பிக்கையின் வாசலும் வருகின்றன. உன்னதப்பாட்டின் இறுதி அதிகாரமோ, தன் நேசரின்மேல் சார்ந்தவளாய் வனாந்தரத்தினின்று வரும் பெண்ணைக் காட்டுகிறது (8:5). நேசம் மரணத்தைப் போல் வலியது என்னும் புகழ்பெற்ற கூற்று அதையடுத்தே வருகிறது. வனாந்தரத்திலிருந்து ஒருவரையொருவர் சார்ந்து வெளிவரும் நேசமே மரணத்தை எதிர்நிற்கும் என்று இவ்வரிசையைப் பொருள் கொள்ளலாம்.

தமிழ் இலக்கிய மரபும் நமக்கு இங்குத் துணைநிற்கிறது. அகப்பொருளில் பாலை பிரிவுக்கு உரிய நிலம். உடன்போக்கில் தலைவனும் தலைவியும் கடந்து செல்லும் நிலமும் அதுவே. அச்சுரத்தில் எவரும் வீடு கட்டிக் குடியிருப்பதில்லை. அது வீட்டை நோக்கிய வழி. படத்தின் நிலவணிகனோ பாலையை மனையாக்கி விற்கிறான். காதலரோ அதை ஒரு நாள் விழாவாக்கி மகிழ்கின்றனர். அதை வழியாகக் காண்பவர் எவரும் இல்லை.

5. திரும்பி வருபவனை வரவேற்பது யார்?

ஆனால் மார்க்கின் ஒரு செயலை நாம் கவனியாமல் விடலாகாது. இருவரும் விமானத்திற்குப் பல வண்ணங்கள் தீட்டி, அதை ஒரு விந்தைப் பறவை போல் ஆக்குகின்றனர். அதன்பின் அவன் அதை உரியவரிடம் சேர்க்கப் புறப்படுகிறான். தன்னுடன் வந்துவிடலாமே என்று டாரியா கூறியும் அவன் கேட்கவில்லை. இதை இளமையின் துணிச்சல் என்றே பலரும் கொள்வர். நாம் இதில் வேறொன்றையும் காண்கிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல் என்பது படம் முழுவதிலும் பொறுப்புணர்வு வெளிப்படும் ஒரே செயல். வனாந்தரத்தின் அன்பு அவனை நகரத்தை நோக்கி, சகேயுவின் வழியில் ஓரடி நடத்தியது. அவன் தனியனாகவே சென்றான், ஆனாலும் சென்றான்.

நகரம் அவனை எவ்வாறு எதிர்கொண்டது? விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றது. இளைய குமாரனின் உவமையில் தூரத்தில் வரும் மகனைக் கண்டு தகப்பன் ஓடி வருகிறான் (லூக்கா 15:20). இங்கே ஓடி வருபவை காவல் வாகனங்கள். இளைஞரைத் 'திரும்பி வா' என்று அழைப்போர் அனைவரையும் இக்காட்சி நியாயந்தீர்க்கிறது. திரும்புவதற்கு ஒரு வீடு இல்லையெனில், மனந்திரும்புதலைப் பிரசங்கிப்பது எவ்வாறு?

மார்க்காக நடித்த மார்க் ஃபிரெஷெட்டின் வாழ்க்கை இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகிறது. அவர் தொழில்முறை நடிகர் அல்லர். படத்தில் ஈட்டிய பொருளைப் பாஸ்டன் நகரில் மெல் லைமன் தலைமையில் இயங்கிய சமூகக் குழுவிடம் கொடுத்து அங்கேயே வாழ்ந்தார். 1973-இல் வங்கிக் கொள்ளை முயற்சி ஒன்றில் பிடிபட்டார். அதை அரசியல் எதிர்ப்பென்று விளக்கினார். 1975-இல், தம் 27-ஆம் வயதில், சிறையில் எடைதூக்கும் பயிற்சியின்போது இறந்தார். டாரியாவாக நடித்த டாரியா ஹால்ப்ரின் அக்குழுவிலிருந்து விலகி, பின்னர் தம் தாயாரும் நடனக் கலைஞருமான அன்னா ஹால்ப்ரினுடன் சேர்ந்து, கலையின் வழியாக மனக்காயங்களை ஆற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றை 1978-இல் தொடங்கினார். ஒரே பாலையினின்று வெளியேறிய இருவரில் ஒருவர் தம்மைத் தாங்கிய பணியைக் கண்டடைந்தார், மற்றவர் கண்டடையவில்லை. அவரைக் குற்றவாளி என்று மட்டும் எழுதி முடிப்பது எளிது. ஒரு சமூகத்தைத் தேடித் தம் உடைமையையே கொடுத்தவர் அவர் என்பதையும் நாம் எழுத வேண்டும்.

6. நெருப்புக்குப் பின்

முதலாளியின் மாளிகையில் பாறைமேல் வழியும் நீரின் அருகே டாரியா அழுகிறாள். அங்கே பணிப்பெண்ணாகிய அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஒருத்தியைக் காண்கிறாள். நிலத்தின் ஆதிக்குடியினர் அந்நிலத்தில் எழுந்த மாளிகையில் ஊழியராயிருப்பதை இயக்குநர் ஒரு சொல்லும் இன்றிக் காட்டிவிடுகிறார். மரணப் பள்ளத்தாக்கும் வெறுநிலம் அன்று; அது திம்பிஷா ஷோஷோனி மக்களின் தாயகம். அவர்களுக்குரிய நிலத்தின் ஒரு பகுதி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே மீண்டும் அவர்களைச் சேர்ந்தது. காதலர் கண்ட 'யாருமற்ற பாலை' உண்மையில் பிறருடைய வீடு என்பதைப் படம் முழுமையாகச் சொல்லவில்லை எனினும், இவ்வொரு முகத்தின் வாயிலாக நினைவூட்டுகிறது.

அதன்பின் வெடிப்பு. பல கோணங்களிலிருந்து மீண்டும் மீண்டும் மாளிகை சிதறுகிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் இசையுடன், ஆடைகளும் உணவுப்பொருள்களும் தொலைக்காட்சிப் பெட்டியும் புத்தகங்களும் நீல வானில் மெல்ல மிதக்கின்றன. இக்காட்சி வெளிப்படுத்தின விசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தை நினைப்பூட்டாமல் இராது. பாபிலோன் எரியும்போது வர்த்தகர் புலம்பும் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனிதருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. அந்தோனியோனி அப்பட்டியலின் இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பை வானத்தில் எழுதினார் எனலாம்.

ஆனால் யோவானின் தரிசனத்தில் நெருப்புக்குப் பின் 19-ஆம் அதிகாரம் உண்டு. பாபிலோனின் புகைக்கு அப்பால் ஆட்டுக்குட்டியானவரின் கலியாணம் வருகிறது. அதன்பின் நகரமே மணவாட்டியாக இறங்கி வருகிறது. படத்தில் வரிசை மாறிவிடுகிறது. கலியாணம் போன்றதொன்று முதலில் நிகழ்கிறது. நெருப்பு பின்னர் வருகிறது. அதற்குப்பின் மறையும் சூரியனை நோக்கிச் செல்லும் கார் மட்டுமே மீதம். அந்த நெருப்பும் மனக்கண்ணில் எழுந்ததே. மாளிகை இருந்த இடத்திலேயே நிற்கிறது. தீர்ப்பைக் கற்பனை செய்ய முடிந்த கலைஞரால் புதிய நகரத்தைக் கற்பனை செய்ய இயலவில்லை. இதை அவருடைய குறை என்று நாம் இகழவில்லை. பொய்யான ஆறுதல் கூறுவதைவிட நம்பிக்கையின்மையை நேர்மையாகக் காட்டுவது மேல். அக்காலத்து இளைஞர் பலருக்குப் புதிய நகரத்தை எவரும் காட்டவில்லை என்பதே அதன் பொருளாயிருக்கலாம்.

7. நமது திருப்பணிக்கு

இப்படத்தை வாலிபர் கூட்டங்களில் திரையிடுமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. அதை முன்னிட்டு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இரண்டைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவது, நமது பண்டிகைகளைப் பற்றியது. நமது அசன விருந்துகளிலும் சபை நாட்களிலும் உடலும் உள்ளமும் சேர்ந்து களிகூர இடமுண்டா? இழந்தோரின் பெயரைச் சொல்லி அழ இடமுண்டா? கட்டணமின்றி ஏழை பந்தியில் அமரும் ஒரு விழா நம்மிடம் உண்டு. திருவிருந்து என்பது அதன் பெயர். நினைவும் உடன்படிக்கையும் மகிழ்ச்சியும் ஒன்றுகூடும் அவ்விழாவை ஒரு சடங்காக நாம் குறுக்கிவிட்டால், பசித்தவர்கள் வேறு வனாந்தரங்களைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை.

இரண்டாவது, காதலித்துத் திரும்பிவரும் இளைஞரைப் பற்றியது. சாதி வேற்றுமையைக் காரணமாக்கி, திருமுழுக்குப் பெற்ற இருவரின் நேசத்துக்குக் கதவடைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவ்வேளைகளில் போதகர் எந்தப் பக்கம் நிற்கிறார்? அன்புக்கு உடன்படிக்கை வேண்டும், பொறுப்பு வேண்டும், ஒரு நாள் களிப்பு போதாது என்று நாம் போதிப்பது சரியே. அவ்வாறு போதிப்பவர்கள், உடன்படிக்கை செய்ய வந்து நிற்கும் இருவருக்கு ஆலயக் கதவைத் திறந்து வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். இல்லையேல், அவர்களை வனாந்தரத்திற்குத் துரத்தியவர்களும் திரும்பும் வழியை அடைத்தவர்களும் நாமே ஆவோம். உன்னதப்பாட்டின் பெண் தன் நேசரைச் சார்ந்துகொண்டு வருகிறாள். அவர்கள் வந்து சேரும் ஊரில் திருச்சபையின் வாசல் திறந்திருக்க வேண்டும்.